உண்மையால் இறைவனை வணங்கிய துறவி ழான் மபியோன்

உங்கள் வீட்டு அலுமாரியில் பாட்டனார் காலத்துக் காணி உறுதி ஒன்று இருக்கக்கூடும். அது உண்மையான உறுதிதானா என்ற ஐயம் எழுந்தால் என்ன செய்வீர்கள்? தாளைப் பார்ப்பீர்கள். மையைப் பார்ப்பீர்கள். எழுத்து அக்காலத்து எழுத்துத்தானா, கையொப்பமும் முத்திரையும் சரியானவையா, திகதி பொருந்துகின்றதா என்றெல்லாம் ஆராய்வீர்கள். அந்நாளில் வழங்காத சொல் ஒன்று அதில் காணப்பட்டால் உடனே ஐயுறுவீர்கள்.

இவ்வாறு பழைய பத்திரமொன்றின் உண்மையை ஆராய்வதற்கான ஒழுங்குகளை முதன்முதலாக முறைப்படுத்தி உலகுக்கு வழங்கியவர் ஒரு கத்தோலிக்கத் துறவி. தமது சபையின் பழம்பெரும் புனிதர்களின் வரலாற்றை எழுதுவதற்கென்றே வாழ்நாளை அர்ப்பணித்த அவர், அந்த வரலாற்றை உண்மையாக எழுதியதற்காகத் தமது சொந்தச் சகோதரர்களாலேயே குற்றஞ்சாட்டப்பட்டார். அவரே ழான் மபியோன். அவரது வாழ்வை இவ்வாரம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகின்றோம்.

பிரான்ஸ் நாட்டின் சம்பாஞ் மாநிலத்தில் சென்பியர்மோன் என்னும் சிற்றூரில், 1632ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23ஆம் திகதி, எளிய விவசாயக் குடும்பமொன்றில் மபியோன் பிறந்தார். குருவாகப் பணியாற்றிய உறவினர் ஒருவரின் ஆதரவால் றீம்ஸ் நகரில் கல்வி கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. குருமடத்திலும் சேர்ந்தார். ஆயினும் அமைதியும் செபமும் நிறைந்த துறவு வாழ்வே தமக்குரிய அழைத்தல் என்பதை உணர்ந்து, 1653ஆம் ஆண்டு அந்நகரின் புனித ரெமிஜியுஸ் மடத்தில் நவதுறவியாகச் சேர்ந்தார். மறு ஆண்டு வார்த்தைப்பாடு அளித்தார்.

அந்த மடம் புனித ஆசீர்வாதப்பர் ஆறாம் நூற்றாண்டில் வகுத்த ஒழுங்கைப் பின்பற்றியது. பெனடிக்ற் என்றும் நாம் அழைக்கும் அப்புனிதரின் வழிவந்த துறவியரில், புனித மோர் பெயரால் அமைந்த கிளைச்சபை ஒன்று 1618ஆம் ஆண்டு பிரான்சில் தோன்றியது. பழைய துறவு ஒழுங்கை அதன் தூய்மையோடு மீண்டும் வாழ்வதும், திருச்சபையின் பழைய நூல்களைத் தேடிப் பதிப்பிப்பதும் இக்கிளைச்சபையின் சிறப்புப் பணிகளாயின. மபியோன் இணைந்தது இச்சபையிலேதான்.

ஆனால் இளந்துறவியின் பாதை எளிதாக இருக்கவில்லை. கடுமையான தலைவலி அவரை வாட்டியது. படிக்கவோ எழுதவோ இயலாத நிலை ஏற்பட்டது. ஓய்வுக்காக மேலாளர்கள் அவரை அமைதியான மடங்களுக்கு அனுப்பினார்கள். 1658ஆம் ஆண்டு கோர்பி மடத்துக்குச் சென்ற அவருக்கு வாயிற்காவலர் பணியும், பின்னர் பண்டகசாலைப் பொறுப்பும் கொடுக்கப்பட்டன. அறிவுத் திறன் மிக்க ஒருவர் கதவு திறந்து விடுவதிலும் தானியக் கணக்குப் பார்ப்பதிலும் காலங்கழித்தார் என்று நமக்குத் தோன்றலாம். அவரோ அதைக் குறையாக எண்ணவில்லை. 1660ஆம் ஆண்டு அமியேன் நகரில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1663ஆம் ஆண்டு, பிரான்சின் மன்னர்கள் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் புனித தெனி மடத்துக்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள கருவூலத்தையும் கல்லறைகளையும் வருவோருக்குக் காண்பிக்கும் பணியைச் செய்தார்.

மறு ஆண்டில் அவரது வாழ்வு திசை மாறியது. பாரிஸ் நகரின் சென் ஜெர்மேன் தே பிரே மடத்தில் நூலகராயிருந்த லூக் தாஷெரி என்ற முதிய துறவி, நோயுற்ற உடலோடு நூல்களுக்கிடையே உழைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு உதவியாளர் ஒருவர் தேவைப்பட்டார். 1664ஆம் ஆண்டு அப்பணிக்கு அழைக்கப்பட்ட மபியோன், 43 ஆண்டுகளின் பின் இறக்கும்வரை அந்த மடத்தையே தமது இல்லமாகக் கொண்டார். மூன்று ஆண்டுகளுக்குள், 1667ஆம் ஆண்டு, புனித பெர்னார்துவின் எழுத்துக்களைப் பிழைகளைந்து பதிப்பித்து அறிஞருலகின் மதிப்பைப் பெற்றார்.

அதன்பின் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது மாபெரும் பணி. ஆசீர்வாதப்பர் சபையில் தோன்றிய புனிதர்கள் அனைவரின் வரலாறுகளையும் பழைய கையெழுத்துப் பிரதிகளிலிருந்து தேடியெடுத்து, நூற்றாண்டு வாரியாக வெளியிட வேண்டும். தாஷெரி பல ஆண்டுகள் சேகரித்து வைத்திருந்த ஏடுகள் அதற்கு அடித்தளமாக அமைந்தன. முதற்பாகம் 1668ஆம் ஆண்டு வெளிவந்தது. 1701ஆம் ஆண்டுக்குள் ஒன்பது பாகங்கள் வெளிவந்தன.

அன்பானவர்களே, சோதனை இங்கேதான் தொடங்கியது. காலப்போக்கில் பல புனிதர்கள் உரிய ஆதாரமின்றியே ஆசீர்வாதப்பர் சபையின் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். மபியோன் ஏடுகளை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது அவர்களுள் சிலர் அச்சபையைச் சேர்ந்தவர்களல்லர் என்பது தெளிவாயிற்று. அவர் அவர்களைத் தமது நூலில் சேர்க்கவில்லை. அவர்கள் புனிதர்கள் அல்லர் என்று அவர் கூறவில்லை. எமது சபையினர் அல்லர் என்று மட்டுமே கூறினார். ஆனால் சகோதரத் துறவியர் சிலருக்கு அதுவே பெருங்குற்றமாகப் பட்டது. சபையின் மகிமையை அவர் குறைத்துவிட்டார், பிள்ளையே தாயின் அணிகலனைப் பறித்துவிட்டான் என்ற வகையில் மனம் வெதும்பி, சபையின் உயர்பீடத்திடம் முறையிட்டார்கள். மபியோன் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை.

மபியோனின் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். பகைவர் குற்றஞ்சாட்டினால் தாங்கிக்கொள்ளலாம். ஒரே ஆலயத்தில் ஒன்றாகச் செபித்து, ஒரே மேசையில் உண்ணும் சகோதரர்கள் குற்றஞ்சாட்டும்போது? சமாதானத்துக்காக நான்கு பெயர்களை மீண்டும் சேர்த்துவிட்டால் என்ன குறைந்துவிடும் என்ற எண்ணம் எவருக்கும் வரக்கூடியதே. மபியோன் அந்த இலகுவான வழியை நாடவில்லை. கோபத்தோடு எதிர்வாதம் செய்யவும் இல்லை. 1677ஆம் ஆண்டு, வரலாறு எழுதுபவனின் கடமைகள் எவையென விளக்கி அமைதியான பதிலொன்றை எழுதினார். நீதிபதி ஒருவர் தம் உறவினருக்குச் சார்பாகத் தீர்ப்பளிக்க முடியாததைப் போலவே, வரலாற்றாசிரியரும் தம் சபைக்குச் சார்பாக எழுத முடியாது என்பதே அதன் சாரம். உறுதியானதை உறுதியென்றும், ஐயத்துக்குரியதை ஐயத்துக்குரியதென்றும், பொய்யானதைப் பொய்யென்றும் சொல்ல வேண்டும் என்றார். சபையின் மேலாளர்கள் அவரைத் தண்டிக்கவில்லை. அவரது பணி தொடர்ந்தது.

அதே காலத்தில் வேறொரு திசையிலிருந்து இன்னொரு சவால் வந்தது. அன்வேர்ஸ் நகரில் இயேசு சபைக் குருக்கள் சிலர் எல்லாப் புனிதர்களின் வரலாறுகளையும் ஆராய்ந்து வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் ஒருவரான தானியேல் பாப்பெபுரோக் சிறந்த அறிஞர். 1675ஆம் ஆண்டு அவர் எழுதிய ஆய்வொன்றில், மடங்களிலுள்ள மிகப் பழைய அரச பத்திரங்களிற் பெரும்பாலானவை பிற்காலப் புனைவுகள் என்ற முடிவுக்கு வந்தார். புனித தெனி மடத்தின் பத்திரங்களும் கோர்பி மடத்தின் பத்திரங்களும் அவரது ஐயத்துக்குள்ளாயின. இவ்விரண்டும் மபியோன் பணியாற்றிய மடங்கள் என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்நாளில் மடத்தின் நிலமும் உரிமையும் அதன் பழம்பத்திரங்களிலேயே தங்கியிருந்தன. ஆகவே சபையின் மானமும் வாழ்வாதாரமும் ஒருங்கே கேள்விக்குள்ளாயின.

பலர் சுடச்சுட மறுப்புரை எழுதியிருப்பார்கள். மபியோனோ ஆறு ஆண்டுகள் பொறுமையோடு உழைத்தார். பல மடங்களின் ஆவணக் காப்பகங்களிலிருந்த நூற்றுக்கணக்கான பத்திரங்களை ஆராய்ந்தார். நாணற்றாளிலும் தோற்றாளிலும் எழுதப்பட்டவற்றைப் பிரித்தறிந்தார். ஒவ்வொரு நூற்றாண்டுக்குமுரிய எழுத்து வடிவம், மொழிநடை, மன்னர் தம்மைக் குறிப்பிடும் முறை, சாட்சிகளின் ஒப்பம், முத்திரை, காலக்குறிப்பு ஆகிய ஒவ்வொன்றையும் வகைப்படுத்தினார். ஒரேயொரு அடையாளத்தைக் கொண்டு பத்திரத்தை ஏற்கவோ தள்ளவோ கூடாது, எல்லா அடையாளங்களையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும் என்ற பொன்னான விதியை வகுத்தார். இவற்றையெல்லாம் ஆறு பகுதிகள் கொண்ட இலத்தீன் நூலாக 1681ஆம் ஆண்டு வெளியிட்டார். பத்திரவியல் என்ற புதிய கல்வித்துறை அந்நூலோடு பிறந்தது. பழைய எழுத்துக்களை வாசித்துக் காலங்கணிக்கும் கலைக்கும் அதுவே வழி திறந்தது.

அந்நூலில் பாப்பெபுரோக்கைப் புண்படுத்தும் நோக்கம் இல்லை. பொய்யான பத்திரங்கள் உண்டு என்பதை மபியோனும் ஒப்புக்கொண்டார். ஆனால் சில பொய்யானவை என்பதற்காக எல்லாவற்றையும் தள்ளிவிடலாகாது என்பதை ஆதாரங்களோடு காட்டினார்.

இனிமேல் நடந்ததைக் கவனியுங்கள். நூலைப் படித்த பாப்பெபுரோக் 1683ஆம் ஆண்டு மபியோனுக்கு ஒரு கடிதம் எழுதினார். தமது கருத்து மறுக்கப்பட்டதைக் கண்டு முதலில் மனம் வருந்தியதாகவும், பின்னர் நூலின் பயனும் அழகும் அந்த வருத்தத்தை வென்றுவிட்டதாகவும், இத்தகைய நூல் எழுதப்படத் தமது தவறு காரணமாயிற்றே என மகிழ்வதாகவும் அதில் தெரிவித்தார். மபியோனும் அதே பணிவோடு பதிலளித்தார். வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த இரு அறிஞர்களும் நண்பர்களானார்கள். தோற்றவர் வென்றவரைப் பாராட்டுவதும், வென்றவர் தோற்றவரை மதிப்பதும் நம் குடும்பங்களிலும் பங்குகளிலும் எத்தனை அரிதாகிவிட்டன!

புகழ் மபியோனைத் தேடிவந்தது. மன்னரின் அமைச்சர் கொல்பேர் அவருக்கு ஓய்வூதியம் வழங்க முன்வந்தார். துறவிக்கு அது தேவையில்லை என மறுத்துவிட்டார். பழம்பிரதிகளைத் தேடி 1683ஆம் ஆண்டு ஜெர்மனிக்கும் சுவிற்சர்லாந்துக்கும், 1685ஆம் ஆண்டு இத்தாலிக்கும் பயணமானார். உடன் சென்றவர் அவரது நண்பரான மிசேல் ஜெர்மேன் என்ற துறவி. இத்தாலியில் பொப்பியோ மடத்தைச் சேர்ந்த மிகப் பழைய திருப்பலி நூலொன்றைக் கண்டெடுத்துப் பின்னர் வெளியிட்டார். அரச நூலகத்துக்காகவும் ஆயிரக்கணக்கான நூல்கள் அப்பயணத்திற் கொண்டுவரப்பட்டன. 14ஆம் லூயி மன்னரின் முன்னிலையில் நிகழ்ந்ததாக ஒரு செய்தி வழங்கிவருகின்றது. றீம்ஸ் பேராயர், நாட்டின் மிகச் சிறந்த அறிஞர் என மபியோனை அறிமுகஞ் செய்தாராம். அருகில் நின்ற ஆயர் போசுவே, மிகத் தாழ்மையானவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றாராம்.

ஆனால் துறவிக்கு இத்தகைய கல்வி தகுமா என்ற கேள்வியும் எழுந்தது. லா திராப் மடத்தின் அதிபர் ரான்சே மிகக் கடுந்தவ வாழ்வுக்குப் பேர்பெற்றவர். துறவிக்குரியவை செபமும் தவமும் உடலுழைப்புமே, நூலாராய்ச்சி அவனது தாழ்மையைக் கெடுக்கும் என்பது அவரது கருத்து. அதற்குப் பதிலாக மபியோன் 1691ஆம் ஆண்டு துறவியரின் கல்வியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அறிவு தன் பெருமைக்காகத் தேடப்படும்போதே ஆபத்தாகின்றது, இறைவனை அறிவதற்காகத் தேடப்படும்போது அதுவும் தவமே என விளக்கினார். ரான்சே மறுப்பெழுதினார். மபியோன் மீண்டும் பதிலெழுதினார். அதன்பின், 1693ஆம் ஆண்டு, அவர் லா திராப் மடத்துக்கே சென்று ரான்சேயைச் சந்தித்தார். இருவரும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள். கருத்து வேறுபாடு தீரவில்லை. அன்பு மட்டும் குறையவில்லை.

மபியோன் தவறே செய்யாதவர் என எண்ணிவிடாதீர்கள். 1695ஆம் ஆண்டு, பிரான்சின் உயர்குடும்பம் ஒன்றின் தொன்மையை நிலைநாட்டும் சில பத்திரங்களைப் பார்வையிட்டு, அவை உண்மையானவை என அவரும் வேறு அறிஞர்களும் சான்றளித்தார்கள். பின்னர் அவை திறமையான மோசடிக்காரன் ஒருவன் தயாரித்தவை என்பது வெளிப்பட்டது. பொய்யை இனங்காணும் கலையை உலகுக்குக் கற்பித்தவரே ஏமாந்துபோனார்! எத்தகைய அறிஞரும் மனிதரே என்பதை இது நமக்கு நினைவூட்டுகின்றது.

அவரது இறுதிக் காலத்தின் பெருஞ்சோதனை உரோமையோடு தொடர்புடையது. அந்நகரின் நிலத்தடிக் கல்லறைகளிலிருந்து எடுக்கப்பட்ட எலும்புகள், தகுந்த ஆதாரமின்றியே மறைசாட்சிகளின் திருப்பண்டங்களாகக் கருதப்பட்டு, பல நாடுகளின் ஆலயங்களுக்கு அனுப்பப்படுவதை அவர் தமது பயணத்தில் அறிந்திருந்தார். மறைசாட்சிகள்மீது அவருக்கிருந்த பக்தியே அவரை அமைதியாயிருக்க விடவில்லை. 1698ஆம் ஆண்டு, புனைபெயரில், கடித வடிவிலான சிறுநூலொன்றை வெளியிட்டார். பெயரறியாத ஒருவரின் எலும்பைப் புனிதரின் எலும்பாக வணங்கச் செய்வது உண்மையான புனிதர்களுக்கே இழுக்கு என்பதே அதன் கருத்து.

எதிர்ப்பு வலுத்தது. நூல் உரோமையில் விசாரணைக்கு உள்ளானது. முதுமையை எட்டிவிட்ட மபியோன் திருச்சபையின் அதிகாரத்துக்கு எதிராகக் கிளர்ந்தெழவில்லை. கேட்கப்பட்டதற்கு இணங்கி, சில இடங்களைத் திருத்தியும் சிலவற்றை மென்மைப்படுத்தியும் 1705ஆம் ஆண்டு புதிய பதிப்பை வெளியிட்டார். ஆயினும் புனிதர் வணக்கம் உண்மையின்மீதே கட்டப்பட வேண்டும் என்ற மையக் கருத்தை அவர் கைவிடவில்லை. கீழ்ப்படிதலும் நேர்மையும் ஒரே இதயத்தில் குடியிருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

அவரது நெஞ்சின் ஈரத்தைக் காட்டும் இன்னொரு சிற்றேடும் உண்டு. அந்நாளில் குற்றஞ்செய்த துறவியரை மடங்களிலுள்ள இருட்சிறைகளில் அடைத்து வைக்கும் வழக்கமிருந்தது. அதைப் பற்றி எழுதிய மபியோன், தவறியவரின் மனமாற்றமே தண்டனையின் நோக்கமாக இருக்க வேண்டும் என்றும், அவர்களுக்கு வேலையும் வெளிச்சமும் சிறு தோட்டமும் ஆறுதலும் கிடைக்க வேண்டும் என்றும் வாதாடினார். அது அவரது மறைவுக்குப் பின்னரே, 1724ஆம் ஆண்டு, அச்சேறியது.

வாழ்வின் மாலைப்பொழுதில் அவர் தமது சபையின் முழு வரலாற்றையும் ஆண்டு வரிசைப்படி எழுதத் தொடங்கினார். முதற்பாகம் 1703ஆம் ஆண்டு வெளிவந்தது. அவர் உயிரோடிருக்கையில் நான்கு பாகங்கள் அச்சேறின. எஞ்சியவற்றை அவரது சகோதரத் துறவியரே பின்னர் வெளியிட்டார்கள். 1707ஆம் ஆண்டு டிசம்பர் மாத முற்பகுதியில், பயணமொன்றின்போது நோயுற்ற அவர், மடத்துக்குத் திரும்பிப் படுக்கையிலானார். அதே மாதம் 27ஆம் திகதி, திருத்தூதர் புனித யோவானின் திருநாளன்று, தமது 75ஆவது வயதில் இறைவனடி சேர்ந்தார். ழான் என்பது யோவான் என்ற பெயரின் பிரெஞ்சு வடிவமே. தமது பெயருக்குரிய திருத்தூதரின் நாளிலேயே அவர் அழைக்கப்பட்டார். அவரது மாணவரும் உதவியாளருமான தியெரி ருயினார் அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதி, 1709ஆம் ஆண்டு வெளியிட்டார்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது அந்த மடம் மூடப்பட்டது. ஆலயம் நிலைத்து நின்றது. மபியோனின் உடலின் எச்சங்கள் இன்றும் அந்த ஆலயத்திலேயே துயில்கின்றன. அருகிலுள்ள சுரங்கப் புகையிரத நிலையமொன்று அவரது பெயரைத் தாங்கி நிற்கின்றது. தினமும் அதைக் கடந்து செல்வோரிற் பலருக்கு அவர் யாரென்று தெரியாது. அதை அறிந்தாலும் அவர் வருந்தியிருக்க மாட்டார்.

அன்பான வாசகர்களே, மபியோன் புனிதராக உயர்த்தப்பட்டவரல்லர். அவரது பெயரில் திருநாளில்லை, நவநாளில்லை. ஆயினும் அவரது வாழ்வு நம் ஒவ்வொருவர் இல்லத்தின் கதவையும் தட்டுகின்றது. பொய்ச்சான்றைத் தடைசெய்யும் கட்டளையை நாம் சிறுவயதிலேயே மனனஞ் செய்தோம். நீதிமன்றத்தில் பொய் சொல்லாதிருந்தால் அதை நிறைவேற்றிவிட்டோம் என்றும் எண்ணிக்கொள்கின்றோம். ஆனால் நம் குடும்பத்தின் பெருமைக்காகச் சற்றுக் கூட்டிச் சொல்வது? நம் ஊர்க் கோவிலின் புகழுக்காக நடவாத புதுமையை நடந்ததாகப் பரப்புவது? கைத்தொலைபேசியில் வந்த அதிசயச் செய்தியை, பக்திக்குரியதுதானே என்று, உண்மை பாராமல் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுவது? இவையும் பொய்ச்சான்றே அல்லவா?

இறைவனுக்கு நமது பொய்யின் துணை தேவையில்லை. புனிதர்களுக்கும் தேவையில்லை. அவர்கள் உண்மையிலே வாழ்ந்து உண்மைக்காகவே இறந்தார்கள். அவர்களுக்குப் பொய்யாற் சூட்டப்படும் மாலை அவர்களை அவமதிக்கின்றது. இதை அறிந்தே மபியோன் ஏடுகளுக்கு முன்னே மண்டியிடாத குறையாக உழைத்தார். அவரது ஆராய்ச்சி அறையும் அவருக்கு ஓர் ஆலயமாகவே இருந்தது.

உண்மையைச் சொல்லுகின்றோம் என்ற பெயரில் பிறரைக் காயப்படுத்துவோருக்கும் அவரிடத்தில் பாடமுண்டு. அவர் மறுத்தெழுதிய பாப்பெபுரோக் நண்பரானார். அவரோடு முரண்பட்ட ரான்சே அவரைத் தழுவிக்கொண்டார். அன்பில்லாத உண்மை கல்லாகி விழும். உண்மையில்லாத அன்பு காற்றோடு போய்விடும். இரண்டையும் சேர்த்துச் சுமந்தவர் மபியோன்.

இன்றிரவு குடும்பச் செபத்துக்காக நீங்கள் கூடும்போது, ஒரு கணம் அமைதியாயிருந்து, இந்த வாரத்தில் நான் சொன்னவற்றில் எது உண்மை, எது என் பெருமைக்காகச் சேர்த்தது என்று உங்களையே கேட்டுப்பாருங்கள். உண்மையின் ஊற்றான இறைவன், உண்மையைத் தேடும் துணிவையும், கண்ட உண்மையை அன்போடு சொல்லும் நாவையும், நமது தவறு காட்டப்படும்போது அதை மகிழ்வோடு ஏற்கும் மனத்தையும் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வாராக.